காற்றுதான் சம்பந்தி, காற்று மட்டும்தான்

சேசு மரியே சூசையே துணை.

மாசாய்,
வியாழக்கிழமை.

பத்து பாகாட்டில் வாழும் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. அட்ரியன் அவர்களுக்கும், அவர்தம் துணைவியார் ரீத்தா அம்மாள் அவர்களுக்கும், மாசாயிலிருந்து ரபேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி இன்பராணியும் மகள் அமண்டாவும் ஆண்டவர் அருளால் நலம், என் இடது காதுக்குள் இன்னும் கொஞ்சம் கடல் இருப்பதைத் தவிர. அவ்விடம் தங்கள் நலத்தையும் தங்கள் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல். கோபம் சற்று இளைத்திருந்தால் மிகவும் மகிழ்வோம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு ஆள் உங்களை அழைத்து, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் எதையோ குழறினான் அல்லவா? "குடிச்சிட்டு மனுஷன் வீட்டுக்குப் போன் அடிக்கிறியே, வெட்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பட்டென்று வைத்தீர்களே, அந்த ஆள் நான்தான். இன்பராணியின் போனிலிருந்து அழைத்தேன். குடிக்கவில்லை சம்பந்தி, கடல் தண்ணீரைத் தவிர. என் மேல்வரிசைப் பல் செட் ஜோகூர் நீரிணையின் அடியில் கிடக்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது கீழே வரும். மறுபடியும் அழைத்தேன். இந்தத் தடவை ரீத்தா அம்மாள் எடுத்தார். நான் "ஷம்பந்தி அம்மா" என்று ஆரம்பித்ததுமே, "பேங்க் நம்பரெல்லாம் தரமாட்டேன், போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று அவரும் வைத்துவிட்டார். அவரைப் பாராட்டுகிறேன். இந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே பல் டாக்டர் புதுச் செட் செய்து தரும்வரை நான் பேசுவது என் வீட்டிலேயே யாருக்கும் விளங்காது. நேற்றுக் காப்பி கேட்டேன், குடை கொடுத்தார்கள். எழுதுவதற்குப் பல் தேவையில்லை என்பதால் இந்தக் கடிதம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பும், அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறி மூன்றாம் படிவமும் படித்தவன். பிழை இருந்தால் என் மேல் போடுங்கள், பெண்ணின் மேல் போடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கல்யாணத்துக்குக் கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். "இந்த இருவருக்கும் திருமணம் நடக்க ஏதாவது தடை இருந்தால் தெரியப்படுத்துங்கள்" என்று சாமியார் மூன்று ஞாயிறு கேட்பார். இது வழக்கம்தான். அநேகமாக எல்லாரும் அந்த நேரத்தில் மோட்டார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நம் விஷயத்தில் வாசிப்பதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் அப்பாவே உங்கள் ஊர்ச் சாமியாரிடம் போய், "கொஞ்சம் பொறுங்க ஃபாதர், பெண்ணோட அப்பன் என் மகனைக் கடல்ல பிடிச்சுத் தள்ளிட்டான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். இங்கே அமண்டா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் டயட் என்கிறாள். கல்யாணப் பெண்கள் டயட் இருப்பார்கள் என்று எனக்கும் தெரியும், ஆனால் டயட்டில் இருப்பவர்கள் சோற்றுத் தட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. ஆகவே சனிக்கிழமை நடந்ததை மறைக்காமல், ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் என்னவென்றால், எனக்கும் மாப்பிள்ளை ஜோனதனுக்கும் பேச்சு வராது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்த நாள்முதல் நாங்கள் பேசிய பேச்சு மொத்தம் இவ்வளவுதான்: "வாங்க. சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன் மாமா." பிறகு இருவரும் டிவியைப் பார்ப்போம். ஒருநாள் டிவி அணைந்திருந்தது, அப்போதும் பார்த்தோம். இதைப் பார்த்த அமண்டா, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பழகணும்" என்று சொல்லி, இணையத்தில் தேடி, எங்கள் பக்கத்துக் கடலோரக் கம்பத்துக் கிராமத்தில் வாடகைக்கு விடுகிற கயாக் ஒன்றைப் பதிவு செய்துவிட்டாள். கயாக் என்றால் பெரிய படகு என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் செய்த வெண்டைக்காய். அதில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். இன்பராணி தன் பங்குக்கு ஒரு வேலையும் கொடுத்து அனுப்பினாள். "வீட்டுக்கு வந்தா எல்லாப் பையனும் நல்ல பையன்தான். வெளியே கூட்டிட்டுப் போய், கோபம் வந்தா எப்படின்னு பார்த்துட்டு வாங்க." நான் பாசிர் கூடாங் கிடங்கு ஒன்றில் ஃபார்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் கையில் ஒரு பெட்டி சாய்ந்தது கிடையாது. ஃபார்க்லிப்டை ஓட்டியவனுக்கு வெண்டைக்காய் என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

கயாக் வாடகைக்கு விடுகிறவர் பெயர் லோகேஸ்வரன். நல்ல மனிதர், குரல்தான் லாரி ஹாரன். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, வயிற்றின் குறுக்கே வாரை இழுத்த இழுப்பில் காலையில் சாப்பிட்ட பரோட்டா விசாரிக்க மேலே வந்தது. பிறகு பாடம் நடத்தினார். "அங்கிள், நல்லா கேட்டுக்குங்க. கவுந்தா பயப்படாதீங்க, ஜாக்கெட் தூக்கிக்கும். ஆனா கயாக்கை மட்டும் விடாதீங்க. கரை பக்கத்துல தெரியுதேன்னு நீந்திப் போகாதீங்க. பக்கத்துல தெரியும், போய்ச் சேரமாட்டீங்க. கயாக்கு பெருசு, தேடி வர்றவன் கண்ணுக்குப் படும். உங்க தலை சின்னது, தேங்காய்னு நினைச்சுப் போயிடுவான். காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் நில்லுங்க. இல்லாட்டி கயாக்கு வந்து உங்க மேலேயே ஏறும். துடுப்பை விடாதீங்க, விசில் அடிங்க. திரும்ப ஏறும்போது ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் வயித்தால ஊர்ந்து ஏறணும், முதலை மாதிரி. விளங்குதா?" எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை போனில் பதிந்துகொண்டார். அந்தப் போனும் இப்போது என் பல்லுக்குத் துணையாகக் கீழே இருக்கிறது.

ஏறும்போதே முதல் சிக்கல் வந்தது, அதிலேயே உங்கள் மகனின் வளர்ப்புத் தெரிந்துவிட்டது. அவர் முன்னால் உட்கார வேண்டும், நான் பின்னால். "மாமாவுக்கு முதுகு காட்டிட்டா உட்கார்றது?" என்று சொல்லி, என்னைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துவிட்டார். இருவரும் எதிரும் புதிருமாக மரியாதையாகத் துடுப்புப் போட்டோம். கயாக் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, ஆட்டுக்கல் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையிலிருந்து லோகேஸ்வரன், "தம்பி, இது கடல் லா! கல்யாண மேடை இல்ல! திரும்பி உட்காருங்க!" என்று கத்திய பிறகுதான், "மன்னிச்சிருங்க மாமா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத் திரும்பினார். இப்படிப்பட்ட பிள்ளையை நான் பிடித்துத் தள்ளுவேனா, யோசியுங்கள்.

நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. வலப்பக்கம் சதுப்புக்காடு, தூரத்தில் மீன் வளர்க்கிற மிதவைகள், அதற்கும் அப்பால் சிங்கப்பூர்க் கட்டடங்கள். நாங்களும் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டோம். "சாப்பிட்டீங்களா மாப்ளே?" "சாப்பிட்டேன் மாமா. நீங்க?" இந்த "நீங்க" புதிது, கவனியுங்கள். அப்படியே கரையை விட்டு நன்றாக விலகி வந்துவிட்டோம். அப்போதுதான் காற்று வந்தது. சும்மா காற்று இல்லை சம்பந்தி. முன்னறிவிப்பு இல்லை, ஒரு மேகத்தை முன்னால் அனுப்பிச் சொல்லிவிடவில்லை. நிலத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, சதுப்புக்காட்டைத் தலைவாரி, தண்ணீரையெல்லாம் சுருக்கம் சுருக்கமாக்கி, நேரே எங்களிடம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வீடியோ கால் போட்டீர்கள். மாப்பிள்ளை போனை உயர்த்திப் பிடித்தார். திரையில் உங்கள் முகமும், அவருடைய முகமும், அவர் தோளுக்குப் பின்னால் நானும் தெரிந்தோம்.

இனி நீங்கள் பார்த்ததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலில் என் முகம் தெரிந்தது, அது மறைந்து என் வயிறு தெரிந்தது என்கிறீர்கள். உண்மை. ஒரு பெரிய அலை அடியில் புகுந்து என்னை மேலே தூக்கியது. என் வயிறு பெரிதென்பதால் திரையை அது முழுதாக எடுத்துக்கொண்டது, அதற்கு வருந்துகிறேன். அடுத்து, என் கையில் ஏதோ ஒன்றை ஓங்கினேன் என்கிறீர்கள். அது என் தொப்பி. காற்று தலையிலிருந்து பறித்தது, நான் பிடித்தேன், அவ்வளவுதான். தொப்பியால் யாரையும் அடித்துக் கொல்ல முடியாது. மூன்றாவது, என் இன்னொரு கை மாப்பிள்ளையின் கழுத்தில் விழுந்தது என்கிறீர்கள். கழுத்து அல்ல, தோள். காற்று படகை ஆட்டியதும், ஐயோ பிள்ளை விழுந்துவிடப் போகிறாரே என்று தாங்கிப் பிடித்தேன். தாங்கிய வேகம் சற்றுக் கூடிவிட்டது. பிறகு வானம் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, இருட்டிவிட்டது என்கிறீர்கள். எங்களுக்கும் அதே வரிசையில்தான் தெரிந்தது.

மேலே வந்தேன். ஜாக்கெட் காதுவரை ஏறி நின்றது. மாப்பிள்ளை ஒரு கையால் கயாக்கையும் மறு கையால் என் ஜாக்கெட் காலரையும் பிடித்திருந்தார். "மாமா, கயாக்கை விடாதீங்க!" "விடல மாப்ளே, நீங்க விடாதீங்க!" "நான் விடல மாமா, நீங்க பிடிச்சிருக்கிறது என் காலு!" பார்த்தால் அப்படித்தான். மாப்பிள்ளையின் காலை மாமனார் பிடிப்பது கல்யாணத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. போகட்டும், விட்டுவிட்டுக் கயாக்கைப் பிடித்தேன். ஆனால் நான் பிடித்தது தப்பான பக்கம். காற்று கயாக்கைத் தள்ள, கயாக் என் நெற்றியைத் தள்ள, நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். "மாமா, காத்து வர்ற பக்கம் வாங்க! லோகேஸ்வரன் அண்ணன் சொன்னார்ல!" "காத்து எந்தப் பக்கம் வருது மாப்ளே? எனக்கு எல்லாப் பக்கமும் வருது!" கடைசியில் அவரே என்னைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் மாட்டிவிட்டார், சட்டையை ஆணியில் மாட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகு கயாக் எங்களுக்கு முன்னால் போனது, நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். துடுப்பு ஒன்று என் கக்கத்தில் இருந்தது. இன்னொன்று தனியாகக் கிளம்பிவிட்டது.

எங்கே போகிறோம் என்று பார்த்தால், ஐயோ அலமாக், சிங்கப்பூருக்கு. என் மகள் விடியாமல் எழுந்து, பாலத்து நெரிசலில் நின்று, கால் கடுத்து, கைரேகை வைத்து வேலைக்குப் போகிற ஊருக்கு, காற்று எங்களை ஓசியில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மூழ்குகிற பயம் போய் வேறு பயம் பிடித்துவிட்டது. "மாப்ளே, பாஸ்போர்ட் எடுத்து வந்தீங்களா?" "இல்ல மாமா." "என்னுதும் வீட்டுல. அங்கே பிடிச்சா என்ன சொல்றது?" அவர் கொஞ்சம் யோசித்து, "சும்மா மாமனாரும் மருமகனும் பழகிட்டிருந்தோம்னு சொல்லுவோம் மாமா" என்றார். அந்த அலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து சிரித்ததில் அரை லிட்டர் உள்ளே போனது.

"விசில் அடிங்க மாமா!" என்றார். ஜாக்கெட்டில் கட்டியிருந்த விசிலை எடுத்து, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, கிடங்கில் ஆட்களை விரட்டிய பழக்கத்தில் முழுப் பலத்தோடு ஊதினேன். விசில் வாயிலேயே இருந்தது. பல் செட்தான் பறந்தது. வெயிலில் ஒரு தரம் மின்னி, அழகாக வளைந்து போய், நல்ல நீச்சல்காரன் குதிக்கிற மாதிரி சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. மாப்பிள்ளை அதைப் பிடிக்கக் கயாக்கை விட்டுப் பாயப் பார்த்தார் சம்பந்தி! என் பல்லுக்காக! "ஃபோகட்டும் ஃபாஃப்ளே! கயாக்கை ஃபிடாதீங்க!" என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் நிலைமை விளங்கியது. பல்லில்லாமல் விசில் ஊதினால் மூச்சு இரண்டு பக்கமும் வழிந்துவிடுகிறது, சத்தம் வரவில்லை. ஆகவே அவர் ஊதினார், நான் கக்கத்துத் துடுப்பை எடுத்து ஆட்டினேன்.

யாரும் வரவில்லை. சரி, ஜெபமாலை சொல்வோம் என்று ஆரம்பித்தேன். சனிக்கிழமைக்குச் சந்தோஷ தேவ ரகசியம். இடுப்புவரை கடலில் நின்றுகொண்டு, இல்லை, நிற்கவும் இல்லை, தொங்கிக்கொண்டு சந்தோஷ தேவ ரகசியம் சொல்வதா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மாப்பிள்ளைதான், "துக்க தேவ ரகசியம் சொன்னா நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மாமா, சந்தோஷமே சொல்லுங்க" என்றார். நான் பாதி சொல்ல அவர் மீதி சொன்னார். நடு நடுவே அவர் விசில் ஊத வேண்டியிருந்ததால், "இப்பொழுதும்" என்பதற்கும் "எங்கள் மரண நேரத்திலும்" என்பதற்கும் இடையில் ஒவ்வொரு தடவையும் ஒரு நீண்ட விசில் வரும். மாதாவுக்கு அது புதிதாக இருந்திருக்கும்.

பிறகு திரும்ப ஏறலாம் என்று முடிவு செய்தோம். இனி நான் பல்லில்லாமல் சொன்னதையும் பல்லோடு எழுதுகிறேன். இங்கேதான் நேரம் போய்விட்டது. கயாக்கைப் புரட்டி நேராக்கிவிட்டு, "ஏறுங்க மாமா" என்றார். "நீங்க முதல்ல ஏறுங்க மாப்ளே." "ஐயோ, பெரியவங்க நீங்க ஏறுங்க." "வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளை நிக்க நான் ஏறுவேனா? ஏறுங்க." "நீங்க ஏறாம நான் ஏறமாட்டேன் மாமா." கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, சிங்கப்பூரில் துணி காயப்போட்டிருக்கிற நிறம் வரைக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது, நாங்கள் பந்தியில் முதல் இலைக்கு உபசாரம் பண்ணிக்கொள்வது மாதிரி உபசாரம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் நான் தோற்றேன். முதலை மாதிரி வயிற்றால் ஊர்ந்தேன். முன்பாதி ஏறியது. பின்பாதி பெரிய பாதி. மாப்பிள்ளை பின்னாலிருந்து தள்ள வேண்டும், எங்கே கை வைப்பது என்று தெரியாமல், "மாமா, தப்பா நினைக்காதீங்க" என்றார். "நினைக்கல மாப்ளே, தள்ளுங்க!" தள்ளினார். நான் உதைத்தேன். உதை அவர் முகத்தில் பட்டது. அவர் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் அவர் கன்னத்தில் பார்த்த காயம் அதுதான், அடி அல்ல, மிதி. அதற்கு அவர் சொன்னது, "பரவால்ல மாமா." சம்பந்தி, இன்பராணி கேட்டனுப்பிய கேள்விக்கு அந்த இடத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் ஏறிய வேகத்தில் அந்தப் பக்கமாக விழுந்தேன் என்பது வேறு விஷயம். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, "ஏறுங்க மாமா." "நீங்க ஏறுங்க மாப்ளே."

இந்த இரண்டாவது உபசாரத்தின்போதுதான் மீன் மிதவைக்காரர் பாக் சமாட் மோட்டார்ப் படகில் வந்து சேர்ந்தார். விசில் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். வந்தவர் கொஞ்ச நேரம் படகை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தபடி இருந்தாராம். ரெண்டு பேரும் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, முடியட்டும் என்று காத்திருந்தாராம். என்னை முதலில் இழுத்துப் போட்டார். இரண்டு பேரையும் துணியால் போர்த்தி, சுடச்சுடத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கெனாப்பா தெர்பாலிக்?", ஏன் கவிழ்ந்தது என்று கேட்டார். "ஆங்கின்" என்றேன். காற்று. கரையில் லோகேஸ்வரன் கேட்டார், காற்று என்றேன். அமண்டா அழுதுகொண்டே கேட்டாள், காற்று என்றேன். இன்பராணி கேட்கவில்லை, என் வாயைப் பார்த்துவிட்டு, "பல்லு எங்க?" என்றாள்.

ஆகவே சம்பந்தி, தள்ளியது காற்று. கவிழ்த்தது காற்று. என் தொப்பி, என் கை, என் வயிறு எல்லாமே காற்றின் வசம் இருந்தன. உங்கள் மகன் லோகேஸ்வரனின் போனிலிருந்து உங்களை அழைத்து, "காத்துப்பா" என்று சொன்னபோது, "மாமனாரைக் காப்பாத்தப் பொய் சொல்லாதடா" என்று திட்டினீர்களாம். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. அவர் கயாக்கையும் விடவில்லை, என்னையும் விடவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும். கரைக்கு வந்து பாக் சமாட் என் கையை எடுத்துவிடப் பார்த்தார், எடுக்க வரவில்லை. மாப்பிள்ளையின் ஜாக்கெட்டை அப்படிப் பிடித்திருந்தேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து சாமியாரிடம் போய், தடை எதுவும் இல்லை, வாசியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ரீத்தா அம்மாளுக்கு இன்பராணியின் அன்பு. அவர் கேட்டிருந்த மீன் ஊறுகாய் பாட்டிலை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதமும் அவர் கையில்தான் வருகிறது, உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். உங்கள் இரத்தக் கொதிப்பு இறங்கவும், உங்கள் வீட்டில் சமாதானம் தங்கவும், நம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தரையில் நீடூழி வாழவும் பதுவை அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறேன். காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் அவர். பல்லைக் கேட்கவில்லை, உங்கள் நல்லெண்ணத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
ரபேல்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை, பிரித்துவிட்டேன். இதை ரீத்தா அம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். மேலே காற்று என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். காற்று வந்தது உண்மை. ஆனால் கயாக் அதைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. என்னைத் தூக்கியது அலையும் இல்லை. லோகேஸ்வரன் சொன்ன விதிகளை எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் முதலாவதாக அவர் சொன்னது, "அங்கிள், என்ன ஆனாலும் கயாக்குல எழுந்து மட்டும் நிக்காதீங்க." நான் எழுந்து நின்றேன் சம்பந்தி. திரையில் உங்கள் முகம் வந்தது. பெண்ணைக் கொடுக்கிறவன் நான், மாப்பிள்ளையின் அப்பா எதிரில் வந்து நிற்கும்போது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பேசலாமா? நேரில் வந்தால் என்ன, போனில் வந்தால் என்ன? அதனால்தான் உங்களுக்கு வயிறு தெரிந்தது. தொப்பியைக் காற்று பறிக்கவில்லை, வணக்கம் சொல்ல நானே கழற்றினேன். கால் ஆடியது, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தேன், மீதி உங்களுக்கே தெரியும். தடை சொல்ல வேண்டுமானால் என் பெயரில் சொல்லிக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் பெயரில் வேண்டாம்.

தண்ணீருக்கு மேலே வந்ததும் மாப்பிள்ளை என் காலரைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் கடல் ஒழுகக் கேட்டார்: "மாமா, நீங்க எழுந்து நின்னீங்களா என்ன?" "காத்து மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். வாய்வரை வந்து நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: "அப்பா வந்துட்டாங்களே மாப்ளே, நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?"